ஸ்பெயினில் பத்து நாள், ஐந்து தேசியப் பூங்கா: முடியுமா? (மாமனாருக்கு முழங்கால் வலி, ஆனால் கழுகு பார்க்க ஆசை)

நெக்கார்குமரன் எழுதியது:

வணக்கம். நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். இங்கே பள்ளிகளுக்குப் பெந்தெகொஸ்தே விடுமுறை இரண்டு வாரம் வருகிறது. அதில் பத்து நாள் ஸ்பெயின் போகலாம் என்று இருக்கிறோம். நகரம், தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் போன வருடம் இத்தாலியில் பார்த்தாகிவிட்டது. இந்த முறை தேசியப் பூங்காக்கள் மட்டும்.

என் திட்டம் இது: மாட்ரிட்டில் இறங்கி வாடகைக் கார். முதலில் தெற்கே டோன்யானா, அடுத்து சியெரா நெவாடா, அங்கிருந்து வடக்கே ஒர்தேசா, அப்புறம் பீகோஸ் தே எவ்ரோப்பா, கடைசியில் விமானம் பிடித்து டெனெரீஃபில் தெய்தே எரிமலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். என் மனைவி இந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், காரணம் சொல்லவில்லை.

உடன் வருபவர்கள்: ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார். அவருக்கு 69 வயது, செங்கல்பட்டுப் பக்கம் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி, அரை மணி நேரத்துக்கு மேல் ஏற்றம் ஏற மாட்டார். ஆனால் கையில் பைனாகுலர் இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டார். "அங்கே கழுகு இருக்குமா மாப்பிள்ளை?" என்று ஒரு வாரமாகக் கேட்கிறார். சுத்த சைவம் வேறு.

நுழைவுக் கட்டணம், முன்பதிவு எல்லாம் எப்படி? வரிசையை மாற்ற வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆமைநடை எழுதியது:

தம்பி, உங்கள் மனைவி சிரித்ததற்குக் காரணம் நான் சொல்கிறேன். டோன்யானா தென்மேற்கு மூலை, ஒர்தேசா பிரான்ஸ் எல்லை. இரண்டுக்கும் நடுவே காரில் 1,000 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் பத்து நாளில் பாதி நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளைத்தான் பார்ப்பீர்கள்.

நான் மாட்ரிட்டுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் பட்டியல் போட்டு அலைந்தேன். இங்கே மொத்தம் 16 தேசியப் பூங்காக்கள். 1916ல் சட்டம் போட்டு, 1918ல் முதல் இரண்டை அறிவித்தார்கள். இன்றைய பீகோஸ் பூங்காவின் பழைய பகுதியான கோவாதோங்கா ஒன்று, ஒர்தேசா மற்றொன்று. கடைசியாக 2021ல் சேர்ந்தது மாலாகாவுக்குப் பின்னால் இருக்கும் சியெரா தே லாஸ் நியெவெஸ். இந்த 16ஐயும் அழகுப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டில் எத்தனை வகை இயற்கை இருக்கிறதோ அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பனிமலை ஒன்று, சதுப்பு நிலம் ஒன்று, ஆறாத எரிமலை ஒன்று, மூடுபனிக் காடு ஒன்று, கடல் தீவு ஒன்று என்று போகும். அதனால் "ஸ்பெயின் பூங்கா" என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருக்கு எது என்று பார்த்து இரண்டு, அதிகம் போனால் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்றுதான் உங்கள் மாமனாருக்கு. மொன்ஃப்ராகுவே. மாட்ரிட்டிலிருந்து மேற்கே இரண்டரை மூன்று மணி நேரம், எக்ஸ்த்ரெமதுரா மாநிலம், பிளசென்சியா ஊருக்குத் தெற்கே. கழுகு இருக்குமா என்று கேட்கிறாரே, அவரைக் கொண்டுபோய் சால்தோ தெல் ஹிதானோ என்ற இடத்தில் நிறுத்துங்கள். மலை ஏற வேண்டாம். சாலை ஓரத்திலேயே காரை நிறுத்திவிட்டுப் பத்தடி நடந்தால் போதும். கீழே தாஹோ ஆறு, எதிரே செங்குத்தாக எழும்பும் ஒரு பாறை. அந்தப் பாறை முழுக்கப் பாறுகள். நம் ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்போமே, அதன் ஐரோப்பிய உறவு. காலையில் வெயில் ஏறிக் காற்று சூடாகும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாக இறங்கி, வெப்பக் காற்றைப் பிடித்து, சிறகை ஒரு முறைகூட அடிக்காமல் நம் தலைக்கு நேரே வந்து போகும். சிறகைக் காற்று உரசும் சத்தம் கேட்கும். நான் முதல் தடவை போனபோது கேமராவை எடுக்கவே மறந்து நின்றேன்.

இன்னும் ஒன்று. செங்கல்பட்டு என்றீர்கள். அப்படியானால் திருக்கழுக்குன்றம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. உச்சி வேளையில் மலைமேல் அர்ச்சகர் கையால் உணவு வாங்கித் தின்ற அந்த இரண்டு வெள்ளைக் கழுகுகள், மஞ்சள்முகப் பாறு இனம். அங்கே அவை வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. அதே இனம் மொன்ஃப்ராகுவேயில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும், மே மாதம் கட்டாயம் இருக்கும். பெரிய பாறுகளுக்கு நடுவே சின்னதாக, வெள்ளையாக, கறுப்பு ஓரம் போட்ட சிறகோடு பறக்கும். அவருக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள். அவராகக் கண்டுபிடிக்கட்டும்.

கரும்பாறு பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் பொறுமை வேண்டும். சிறகை விரித்தால் மூன்று மீட்டரை நெருங்கும் பறவை. பாறையில் இருக்காது, மரத்தின் உச்சியில் கூடு கட்டும். உலகில் இந்த இனத்தின் பெரிய கூட்டங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. போர்த்தியா தெல் தியேதார் என்று இன்னொரு பார்வையிடம் இருக்கிறது, அதுவும் சாலை ஓரம்தான். ஸ்பானிய ராஜாளிக் கழுகு அங்கே வரும் என்பார்கள். மூன்று முறை போய் ஒரே ஒரு முறைதான் எனக்குத் தரிசனம் தந்தது. கருநாரை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

இந்த இடம் பிழைத்ததே பெரிய கதை. 1970களில் காகிதக் கூழுக்காக இங்கே இருந்த பழைய ஓக் காட்டை அழித்து யூகலிப்டஸ் நட்டார்கள். நீலகிரியைப் பார்த்த நமக்கு மேலே சொல்லவே வேண்டாம். ஹெசூஸ் கார்ஸோன் என்ற இயற்கை ஆர்வலர் முன்னின்று போராடினார், 1979ல் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. தேசியப் பூங்கா என்ற பெயர் 2007ல்தான் கிடைத்தது. அப்புறம் அந்த யூகலிப்டஸில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். இன்னும் சில சரிவுகளில் மரம் நடப் படிக்கட்டு மாதிரி வெட்டிய தழும்புகள் தெரியும்.

பூங்காவைச் சுற்றித் தக்கை ஓக் மரங்கள் நிற்கும். ஒரு முறை பட்டை உரித்தால் மறுபடி உரிக்க ஒன்பது வருடம் காத்திருப்பார்கள். உங்கள் மகளுக்கு அதைக் காட்டுங்கள், அவள் வயசுப் பட்டை. உரித்த அடிமரம் செங்கல் நிறத்தில் இருக்கும்.

கட்டணம்: பெரும்பாலான பூங்காக்களுக்கு நுழைவுச் சீட்டே கிடையாது. லான்ஸரோத்தே தீவின் திமன்ஃபாயா மாதிரி விதிவிலக்கு உண்டு. இங்கே காசைவிட அனுமதியும் பேருந்தும்தான் சிக்கல். சில பூங்காக்களில் கூட்டம் கூடும் நாட்களில் சொந்தக் காரை உள்ளே விட மாட்டார்கள், கீழேயே நிறுத்திவிட்டுப் பேருந்தில்தான் போக வேண்டும். கலீசியாவில் சீயெஸ் தீவுக்கு முதலில் அரசு அனுமதி எண் வாங்க வேண்டும், அதைக் காட்டினால்தான் படகுச் சீட்டு. இது தெரியாமல் வீகோ துறைமுகம் வரை போய், கையில் சோற்று மூட்டையோடு திரும்பி வந்த ஆள் நான்.

சைவம்: "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் ஏமாந்தீர்கள். இங்கே பன்றித் தொடைக் கறியைப் பல ஊர்களில் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காய்கறிச் சாலட்டின் மேல் சூரை மீன் தூவி வரும். மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்: சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன்னால் கிடைக்காது, இரவில் ஒன்பதாகும். மாமனாருக்குச் சர்க்கரை இருந்தால் சமையலறையோடு கூடிய கிராமத்து வீடு எடுங்கள், குக்கரும் கையோடு இருக்கட்டும். பிளசென்சியாவில் லா வேரா மிளகாய்த்தூள் வாங்க மறக்காதீர்கள். ஓக் விறகுப் புகையில் உலர்த்தி அரைப்பது. ரசத்தில் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. உருளைக்கிழங்கு வறுவலுக்கு அப்படிப் பொருந்துகிறது.

---

லுசேர்ன்வாசன் எழுதியது:

அண்ணா, தெய்தே பற்றி மட்டும் சொல்கிறேன். நாங்கள் சுவிஸிலிருந்து குடும்பமாகப் போனனாங்கள், அம்மாவும் வந்தவ. மலையின் உயரம் 3,715 மீட்டர், ஸ்பெயினிலேயே அதுதான் உச்சம். கேபிள் கார் 2,356 மீட்டரில் கிளம்பி 3,555 மீட்டரில் இறக்கிவிடும், எட்டு நிமிசம்தான். கடற்கரை விடுதியிலிருந்து காலையில் வெளிக்கிட்டு மதியத்துக்குள் அந்த உயரத்தில் நின்றால் உடம்பு என்ன செய்யும்? அம்மாவுக்குத் தலை சுற்றி, பத்து நிமிசத்தில் அடுத்த பெட்டியில் இறங்கிவிட்டம். இதய வருத்தம் உள்ளவர்களை ஏற வேண்டாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மேலே இறங்கிய இடத்திலிருந்து உச்சி வரைக்கும் நடக்கத் தனி அனுமதி வேண்டும், அது வெகு முன்கூட்டியே முடிந்துவிடும். பலமான காற்றென்றால் கேபிள் காரே ஓடாது.

ஆனால் மேலே ஏறாமலே அந்த எரிமலைக் கிண்ணத்துக்குள் காரில் சுற்றலாம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் தஹினாஸ்தே என்று ஒரு செடி, ஆளுயரத்துக்கு மேல் சிவப்புத் தூண் மாதிரிப் பூக்கும். அது ஒன்றே போதும். போவதென்றால் தீவுகளுக்கென்றே தனியாக ஒரு கிழமை, ஏழு நாள், வையுங்கோ. 16ல் நாலு பூங்கா கனாரித் தீவுகளில்தான் இருக்கு. லா கோமேராவின் கரஹோனாய் காட்டுக்குள் போனால் வெயில் நாளிலும் முகில் வந்து சட்டை நனையும். அந்தத் தீவில் சீழ்க்கை அடித்தே பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படிப்பிக்கிறார்கள். இரண்டு நாளில் தெய்தேயை மட்டும் தொட்டுவிட்டு வருவது காசுக்குக் கேடு.

---

கல்லும்முள்ளும் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஸ்பெயின் வரை போய் டோன்யானாவை விடச் சொல்வது நியாயமா? ஐரோப்பாவின் பெரிய சதுப்பு நிலங்களில் ஒன்று, பூநாரைக் கூட்டம், போதாக்குறைக்கு ஐபீரிய லின்க்ஸ் என்ற அரிய காட்டுப்பூனை. பறவை பார்க்கும் மனிதரை அங்கே கூட்டிப் போகாமல் பிணந்தின்னிக் கழுகைக் காட்டி அனுப்புகிறீர்களே. மொன்ஃப்ராகுவே பெயரை நான் இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

---

ஆமைநடை எழுதியது:

கல்லும்முள்ளும் அவர்களே, கேள்விப்படாததுதான் அதற்கு நல்லது.

டோன்யானாவை நான் விடச் சொல்வது தேதிக்காக. குமரன் போகிற விடுமுறையின் பெயரே பெந்தெகொஸ்தே. அந்த வார இறுதியில்தான் டோன்யானாவின் வாசலில் இருக்கும் எல் ரோசியோ கிராமத்தில் திருவிழா. அந்தலூசியா முழுவதிலிருந்தும் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் வருகிறார்கள், பத்து லட்சம் பேர் வரை என்று கணக்குச் சொல்வார்கள். சில குழுக்கள் பூங்காவுக்குள்ளேயே மணல் பாதையில் நாள்கணக்கில் நடந்து வரும். திங்கள் விடியலில் அல்மோந்தே ஊர் இளைஞர்கள் கம்பி வேலியைத் தாண்டிக் குதித்து மாதாவைத் தோளில் தூக்குவார்கள். திருவிழாவுக்கென்றே போனால் அது வேறு, வாழ்நாளில் ஒரு முறை பார்க்க வேண்டிய காட்சி. பறவை பார்க்க அந்த நாளில் போகக் கூடாது. அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகையைக் கேட்டு மாமனார் ஊருக்கே திரும்பிவிடுவார்.

சதுப்பு நிலம் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சுற்றிலும் ஸ்ட்ராபெரி தோட்டங்கள். அனுமதி இல்லாத கிணறுகள் வரை தோண்டி நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். வறட்சியும் சேர்ந்துகொண்டது. உள்ளே எந்தக் காலத்திலும் தண்ணீர் நிற்கும் என்று நம்பியிருந்த சாந்தா ஒலாயா ஏரி 2022 கோடையில் முழுசாக வற்றியது. மழை நல்ல வருடத்தில், பிப்ரவரி மார்ச்சில் போங்கள், பூநாரை சிவக்கச் சிவக்க நிற்கும். மே கடைசியில் பல இடங்களில் வெடித்த சேறுதான்.

லின்க்ஸ் கதை எனக்கும் பிடிக்கும். 2002ல் நூறுக்கும் கீழே போய், இனம் முடிந்தது என்று நினைத்தார்கள். கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, முயல்களைப் பெருக்கி, 2023 கணக்கெடுப்பில் ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் சேர்த்து 2,000ஐத் தாண்டிவிட்டன. ஆனால் அதைக் கண்ணால் பார்க்க டோன்யானாவைவிட அந்துஹார் மலைதான் நல்ல இடம். அது தேசியப் பூங்காவே அல்ல! பெயர்ப் பலகையை மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்பதற்கு இது ஒன்று போதும்.

பிணந்தின்னிக் கழுகு என்று இளப்பமாகச் சொன்னீர்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியால், செத்த அந்த மாட்டைத் தின்று நம் நாட்டில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்துப்போனது. 2006ல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதே மருந்தை 2013ல் ஸ்பெயின் கால்நடைகளுக்கு அனுமதித்தது. ஐரோப்பியப் பாறுகளில் மிகப் பெரும்பகுதி வாழும் நாடு இது! எந்தப் புத்தியோ. வானம் நிறையப் பாறு பார்ப்பதை நான் சாதாரணமாக நினைக்காததற்கு அதுதான் காரணம்.

---

நெக்கார்குமரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரோசியோ திருவிழா எங்கள் தேதியிலேயே வருகிறது, பார்த்துவிட்டேன். டோன்யானா, தெய்தே, சியெரா நெவாடா மூன்றையும் அடித்துவிட்டேன். மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. புதுத் திட்டம்: மொன்ஃப்ராகுவே மூன்று இரவு, பீகோஸ் நான்கு இரவு, மீதி மாட்ரிட். ஒர்தேசாவை விடத்தான் மனசு வரவில்லை. இரண்டு கேள்வி, ஆமைநடை அக்கா. ஒர்தேசாவை எங்காவது நுழைக்க முடியுமா? பீகோஸில் காரெஸ் பள்ளத்தாக்கு நடை என் மகளுக்குச் சரிப்படுமா?

---

ஆமைநடை எழுதியது:

ஒர்தேசாவை நுழைக்காதீர்கள். எனக்கு 16லும் மிகப் பிடித்தது அதுதான், அதனால்தான் சொல்கிறேன். குதிரைவால் அருவி வரை போய்த் திரும்ப 17, 18 கிலோமீட்டர், மாமனார் அந்த நாள் முழுக்கக் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் அங்கே மட்டும் மிஞ்சியிருந்த புகார்தோ என்ற மலையாட்டினத்தின் கடைசிப் பெட்டை 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்துக் கிடந்தது. 2003ல் அதன் செல்லை எடுத்து நகலாக்கிய குட்டி சில நிமிடம்தான் மூச்சு விட்டது. இதையெல்லாம் உங்கள் மகளுக்குச் சொல்லி, அவளோடு நீங்கள் இருவரும் இன்னொரு வருடம் போங்கள்.

மொன்ஃப்ராகுவேயிலிருந்து பீகோஸுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், ஏ-66 நெடுஞ்சாலையில் நேரே வடக்கே. அந்த நாளில் வேறு வேலை வைக்காதீர்கள். காய்ந்த மஞ்சள் நிலத்திலிருந்து கிளம்பி, லெயோன் தாண்டி மலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் பசேல் என்று அஸ்தூரியாஸ். பெரும்பாலும் மழையோடு வரவேற்கும். குடையெல்லாம் காற்றில் நிற்காது, மழைக்கோட்டு எடுங்கள்.

காரெஸ்: போன்செபோஸிலிருந்து காயின் கிராமம் வரை ஒரு வழி 12 கிலோமீட்டர். நீர்மின் நிலையத்துக் கால்வாயைப் பராமரிக்க 1940களில் பாறையைக் குடைந்து போட்ட பாதை. பாதை அகலம்தான், ஆனால் ஓரத்தில் கம்பி இல்லை, கீழே நேர் பள்ளம். நான் காயின் வரை போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, "திரும்ப நடக்க வேண்டாம், டாக்ஸி பிடிக்கலாம்" என்று விசாரித்தேன். சாலையில் மலையைச் சுற்றி வர 100 கிலோமீட்டருக்கு மேலாம். வாயை மூடிக்கொண்டு 12 கிலோமீட்டர் திரும்ப நடந்தேன். போன்செபோஸ் பக்கம் முதலில் ஒரு மணி நேரம் கல்லும் வெயிலுமாக ஏற்றம், அழகெல்லாம் காயின் பக்கம்தான். ஆகவே உங்கள் மகளோடு போவதானால் ஒரு நாள் காயினுக்கே காரில் போய், அங்கிருந்து உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, குகைப் பாதையும் பாலங்களும் பார்த்துத் திரும்புங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, பாறைப் பக்கமாக அவளை விடுங்கள். வழியில் ஆடுகள் வந்து பையை மோந்து பார்க்கும், பிஸ்கட்டை வெளியே எடுக்காதீர்கள்.

மாமனாருக்கு இரண்டு இடம். ஒன்று, ஃபுவென்தே தே கேபிள் கார். நான்கு நிமிடத்துக்குள் 753 மீட்டர் மேலே தூக்கி 1,800 சொச்சத்தில் விடும், தெய்தே மாதிரி மூச்சு வாங்காது. காலையில் முதல் பெட்டிக்கே போங்கள், மதியம் மேகம் ஏறிவிடும். மற்றொன்று, புல்னெஸ் கிராமம். 2001 வரை கால்நடைப் பாதை மட்டுமே இருந்த ஊர். இப்போது மலையைக் குடைந்து சுரங்க ரயில் விட்டிருக்கிறார்கள், ஏழு நிமிடப் பயணம். கார் சத்தமே இல்லாத ஊரில் அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கலாம், அங்கேயும் பாறு சுற்றும். காப்ராலெஸ் பாலாடைக்கட்டியை அவர் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். குகையில் பூசணம் பிடிக்க வைத்துப் பழுக்கவைப்பது, காருக்குள் வைத்தால் ஸ்டுட்கார்ட் வரை மணக்கும்.

கடைசி நாள் மாட்ரிட்டில் சும்மா இருந்தால், நகர ரயிலில் ஏறி செர்செதியாவில் இறங்குங்கள். குவாதர்ராமா பூங்காவின் பைன் காடு பக்கத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அங்கே இருந்தாலும் இருப்பேன், எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் ஒன்று. இன்னொரு பைனாகுலர் வாங்கிவிடுங்கள். சால்தோ தெல் ஹிதானோவில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு தாத்தாவும் பேத்தியும் படும் பாட்டை நீங்கள்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.